எடைமேடை

எங்கள் எடைமேடை
இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்.
அறுபது டன்னுக்குக் கட்டியது.
இரவு ஷிப்ட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து
செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நிற்பேன்.
கம்பத்துப் பலகையில் சிவப்பாய்
நூறு.
நான் தொண்ணூற்று நாலு.
மிச்சம் ஆறு கிலோ
அதுவாகப் போட்டுக் கொடுப்பது.

போச்சம்பள்ளிச் சாலையில் மாங்கூழ் ஆலை.
உள்ளே வருவதை நிறுக்க வேண்டும்,
வெறும் வண்டியாய்த் திரும்புவதை நிறுக்க வேண்டும்,
கழித்துச் சீட்டு கொடுக்க வேண்டும்.
பதினோரு வருடமாக இந்தக் கழித்தல்தான் எனக்குச் சோறு.

இரண்டு வருடம் பட்டினி கிடந்து பார்த்தேன்.
கொள்ளுத் தண்ணீர், இரண்டே இட்லி.
எட்டாம் நாள் பரோட்டாக் கடை வாசலில்
கல் தட்டும் சத்தம் கேட்டு
அழுதவள் நான்.

சித்திரையில் மாற்றினேன்.
விடிந்தால் எட்டு வாழைப்பழம்.
பத்து மணிக்குப் பாதித் தர்ப்பூசணி.
மத்தியானம் மாம்பழம், வயிறு போதும் என்கிற வரை:
முதலில் செந்தூரா, அப்புறம் பங்கனபள்ளி,
ஆனி பிறந்தால் பெங்களூரா.
ராத்திரி பப்பாளி, ஒரு கை பேரீச்சை.
கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு கலோரி.
பசியோடு ஒரு நாளும் படுக்கவில்லை.

"மாம்பழம் சூடுக்கா, கட்டி வரும்"
என்றாள் கூடை தூக்கும் சென்னம்மா.
காவேரிப்பட்டினத்து டாக்டர் ரத்தம் எடுத்தார்,
சர்க்கரை இல்லை என்றார், நம்பாமல்
மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.
திம்மராயன் ஒன்றும் சொல்லவில்லை.
கிரானைட் தூசு தலையோடு உட்கார்ந்து
தன் களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்தார்.
அந்த ஆவிக்கு முன்னால்
எட்டு வாழைப்பழமும் ஒன்றுமில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் தோற்றேன்.
யாருக்கும் சொல்லாத கணக்கு அது.

ரவிக்கைக்கு உள் தையல் இரண்டு போட்டேன்.
பலகை மட்டும் அசையவில்லை:
நூறு. நூறு. நூறு.

ஆனியில் விலை விழுந்தது.
கிலோ நாலு ரூபாய்.
இரண்டு நாள் வரிசையில் நின்ற டிராக்டர்களில்
அடிப்பழம் கசிந்து தார்ச் சாலை பிசுபிசுத்தது.
குவிண்டாலுக்கு ஐந்து கிலோ கழிவு.
அதை அடிக்கிற விரல் என்னுடையது.

நாகரசம்பட்டி மாதப்பன்
வண்டியோடு மேடை ஏறி உட்கார்ந்தேயிருந்தார்.
"இறங்குங்கண்ணா, ஆளோட நிறுக்கக் கூடாது."
இறங்கினார்.
எண் நாற்பது குறைந்தது.
பலகையை அண்ணாந்து பார்த்தார்.
"நாப்பதா நானு?
போன வருசம் அறுபது காட்டுச்சேம்மா."
சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சீட்டை இரண்டு முறை படித்து
பையில் வைத்தார்.
ஒரு கூடையை என் ஜன்னலடியில் இறக்கினார்.
"எடுத்துக்க. ஏத்தின கூலிக்கே காணாது,
நீயாவது தின்னு."

தின்றேன்.
காம்பில் பால் காயாத பெங்களூரா,
கிளிமூக்குப் பக்கம் லேசாய்ப் புளித்தது.
முழங்கை வரை வழிய வழிய
ஏழு தின்றேன்.

நாலு நாள் கழித்து,
டிரைவர்கள் வண்டிக்கடியில் தூங்குகையில்
மேடை ஏறினேன்.
எண்பது.

இறங்கி மறுபடி ஏறினேன்.
எண்பது.
ஒரே ராத்திரியில் இருபது கிலோவை
எங்கே போட்டேன் என்று
சுற்றிலும் பார்த்தேன்.
விற்காமல் கொட்டிய பழக் குவியல்
இருட்டில் மணத்தது.

உள்ளே வந்து எனக்கொரு சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: மாம்பழம்.
நிகர எடை: எண்பது.
கழிவு என்ற கட்டத்தில்
விரல் நின்றது.

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.